தட்டை விடாத கை

உ

மரக்காணம்,
வைகாசி மாதம், வெள்ளிக்கிழமை.

மதிப்பும் மரியாதையும் மிக்க சம்மந்தி இரும்பை சிவஞானம் அவர்களுக்கு, மரக்காணம் உப்பளத்து ராஜாங்கம் இரு கை கூப்பி, மன்னிக்கவும், இருக்கிற ஒரு கையை நெஞ்சில் வைத்து வணங்கி எழுதிக்கொண்டது. இங்கு நான், என் மனைவி ஆண்டாள், மகள் பூங்குழலி மூவரும் நலம். நலம் என்று எழுதுவது வழக்கத்துக்காக. உண்மையில் மூவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறோம். அங்கு தாங்களும், சம்மந்தியம்மா ரேணுகா அவர்களும், மாப்பிள்ளை சிலம்பரசனும், நான் வந்தபோது கன்று போட்டிருந்த அந்தச் சிவப்பு மாடும் நலமாக இருக்க உங்கள் ஊர் மாகாளநாதரை வேண்டுகிறேன். முக்கியமாக, தங்கள் வலது கைச் சுண்டுவிரலில் வீக்கம் வடிந்ததா, மடக்க நீட்ட வருகிறதா என்பதை அறிய மிகவும் ஆவலாக இருக்கிறேன்.

"சம்மந்தி" என்று எழுதலாமா, வெறும் "திரு. சிவஞானம்" என்று எழுதுவதா என்று ஆண்டாளைக் கேட்டேன். "நீங்க எழுதுங்க, அடிக்கிறதா இருந்தா அவங்களே அடிச்சுக்குவாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆகவே எழுதிவிட்டேன். போன் செய்தேன், தாங்கள் எடுக்கவில்லை. வாட்ஸப்பில் மன்னிப்புக் கேட்டேன், இரண்டு கோடும் நீலமானது, பதில் வரவில்லை. நேரில் வரலாம் என்றால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது? அதனால்தான் இந்தக் கடிதம். எழுத்து கோழி கிளறியது போல இருப்பதற்கு மன்னிக்கவும், இடது கையால் எழுதுகிறேன். வலது கை எங்கே இருக்கிறது என்பது தங்களுக்கே தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும்போது நான் தட்டை விடவில்லை என்றும், பெண் கொடுக்க மனசில்லாதவன் வீட்டில் சம்மந்தம் எதற்கு என்றும் தங்கள் பக்கத்து உறவுக்காரர்கள் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். இங்கேயும் டீக்கடையில் அதைத்தான் பேசுகிறார்கள். சம்மந்தி, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முழு மனசு. விடாதது நான் இல்லை, கை. அது மெஷின். மெஷின் செய்த தப்புக்கு என் பெண்ணின் கல்யாணத்தை நிறுத்திவிடாதீர்கள். பூங்குழலிக்குச் சிலம்பரசனை ரொம்பப் பிடித்திருக்கிறது. அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை. சாப்பாடு வைக்கிறாள், பேசவில்லை. பொரியலைத் தட்டில் வைக்கிற சத்தத்திலேயே எனக்குத் தெரிகிறது. நடந்ததைத் தாங்கள் நேரில் பார்த்தவர்தான், மறுமுனையைப் பிடித்து இழுத்தவரும் தாங்கள்தான். ஆனாலும் இந்த முனையில் என்ன நடந்தது என்று தங்களுக்குத் தெரியாது. அதை ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன்.

என் கை உப்பு அரவை மெஷினின் பெல்ட்டில் போனது தங்களுக்குத் தெரியும். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் எடுத்துவிட்டார்கள். அதைச் சொல்லி அழுதால் காகிதம் நனையும், வேண்டாம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போன கை முழுசாகப் போகவில்லை. இல்லாத கட்டைவிரல் அரிக்கும். எங்கே சொறிவது? ஆண்டாளிடம் சொன்னால், "தலையணையைச் சொறிங்க" என்பாள். மற்றபடி இடது கையால் எல்லாம் பழகிக்கொண்டேன். சட்டைப் பொத்தான் மட்டும் வராது, அதைப் பூங்குழலி போட்டுவிடுவாள். அப்புறம் இந்த இடது கையின் நகம். இருக்கிற ஒரு கையின் நகத்தை அதே கையால் எப்படி வெட்டுவது, சொல்லுங்கள்? ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அவள்தான் கையைப் பிடித்துவைத்து வெட்டிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் அவள் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர் இல்லையா, அந்த அதட்டல் அப்படியே வரும். "ஆடாதப்பா, சதையோட போயிடும்" என்பாள்.

இடது கையில் ஒரே ஒரு கஷ்டம், அதால் யாருக்கும் எதையும் கொடுக்க முடியாது. கடைக்காரன் வாங்கிக்கொள்வான், ஆனால் முகம் ஒரு மாதிரி போகும். கோயிலில் இடது கையை நீட்டினால் பூசாரி விபூதியை மேலே இருந்தே போடுவார். நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று வெற்றிலைத் தட்டை இடது கையால்தான் சம்மந்தியம்மாவிடம் நீட்டினேன். அவர்கள் சிரித்த முகமாகத்தான் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் வாங்குவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் அந்தக் கையைப் பார்த்தார்கள். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் பார்த்திருப்பேன். ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். என் பெண்ணின் நிச்சயத் தட்டை நான் வலது கை போட்டுத்தான் கொடுப்பேன், இதில் மாற்றமில்லை. ஆகவே சம்மந்தி, அந்தக் கையை நான் வாங்கியதே உங்களுக்குக் கொடுப்பதற்காகத்தான். இதைத் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாண்டிச்சேரியில் செயற்கைக் கை பொருத்துகிற ஓர் இடம். அங்கே அஸ்வினி என்று ஒரு பெண், நம் பூங்குழலி வயதுதான் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்பப் பொறுமையாகச் சொன்னாள். "அங்கிள், உங்களுக்குக் கைதான் போச்சு, கைக்குப் போற நரம்பு போகல. கையை மூடணும்னு நீங்க நினைச்சா மூளை இப்பவும் சேதி அனுப்புது. அது நரம்பு வழியா இறங்கி, மிச்சம் இருக்கிற இந்தச் சதைக்கு வருது. சதை லேசா இறுகும். அந்த இறுக்கத்தைத் தோல் மேல இருக்கிற சென்சார் பிடிச்சுக்கும். உடனே மோட்டார் விரலை மூடும். இந்தக் கையா ஒண்ணும் செய்யாது அங்கிள், நீங்க சொல்றதைத்தான் செய்யும்." நான் ஆண்டாளைத் திரும்பிப் பார்த்தேன். "வீட்ல நீங்க சொல்றதைச் செய்யறதுக்கு ஒண்ணாவது வந்துச்சே" என்றாள் அவள். அந்த அஸ்வினி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பழகுவதற்கு உட்காரவைத்தாள். "கையை மூடற மாதிரி நினைங்க." நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இல்லாத கையை எப்படி மூடுவது? பல்லைக் கடித்தேன், கண்ணை மூடினேன், பக்கத்தில் இருந்த ஆண்டாளின் கையை இடது கையால் இறுக்கி அவள் கத்தியதுதான் மிச்சம். கடைசியில் அஸ்வினி கேட்டாள், "கை இருந்தப்போ அதால என்ன வேலை செஞ்சீங்க?" உப்பு வாரினேன் என்றேன். "அப்ப அதையே நினைங்க." உப்பு வாருகிற பலகையின் கழியைப் பிடித்துப் பாத்தியிலிருந்து வரப்புக்கு இழுப்பதாக நினைத்தேன். டக்கென்று விரல் ஐந்தும் மூடிக்கொண்டது. சம்மந்தி, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போன கையைத் திரும்பப் பார்த்தது போலவே இருந்தது. "சூப்பர் அங்கிள், இப்ப விடுங்க" என்றாள். அங்கேதான் வம்பு. உப்பளத்தில் சீசன் நேரத்தில் எவன் கழியை விடுகிறான்? விடிந்ததும் பிடித்தால் வெயில் ஏறும்வரை பிடித்த பிடிதான். விடுவதற்கு என் நரம்புக்குப் பழக்கமே இல்லை. போகப் போக வந்தது, ஆனால் மெதுவாகத்தான் வந்தது. "உங்களுக்குப் பிடிக்கிற சிக்னல் ரொம்ப ஸ்ட்ராங்கு அங்கிள். விடறதுதான் வீக்கா இருக்குது, வீட்ல நல்லா பழகுங்க" என்று சொல்லி அனுப்பினாள். வேர்வை பட்டால் சென்சார் குழம்பும், அப்போது கழற்றித் துடைத்து மாட்ட வேண்டும் என்றும் சொன்னாள். உப்பளத்துக்காரனுக்கு வேர்வை இல்லாத நேரம் எது என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும்போதே அது தன் வேலையைக் காட்டிவிட்டது. பஸ்ஸில் உட்கார இடமில்லை, புதுக் கையால் மேல் கம்பியைப் பிடித்தேன். கெத்தாகத்தான் இருந்தது, கூனிமேடு தாண்டும்வரை இரண்டு மூன்று பேர் பார்த்தார்கள். மரக்காணம் வந்தது, விடவில்லை. ஆண்டாள் இறங்கிக் கீழே நிற்கிறாள், கண்டக்டர் விசில் அடிக்கிறான், "யோவ் பெருசு, எறங்குறியா இல்லையா?" என்கிறான். "நான் எறங்குறேன்பா, இது எறங்க மாட்டேங்குது" என்றேன். அவன் குடித்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டான். கடப்பாக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அதற்கு மனசு வந்து கம்பியை விட்டது. அங்கிருந்து வேறு பஸ் பிடித்து வந்தேன், அந்தப் பஸ்ஸில் இடது கையால்தான் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் டீக்கடையில் ஒரு கண்ணாடி கிளாஸ் போனது. ஆண்டாளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடாமல் அவள் சமைக்கிற இடமெல்லாம் நானும் பின்னாடியே போனேன், தெருவே சிரித்தது. ஒரு விஷயம் மட்டும் வேறு மாதிரி நடந்தது. உப்பளத்தில் என்னோடு வேலை செய்த அரசப்பனுடைய மனைவி தவறிவிட்டாள். துக்கத்துக்குப் போனால் வரிசையில் போய் வீட்டுக்காரனின் கையைத் தொட்டுவிட்டு நகர வேண்டும் அல்லவா, நானும் தொட்டேன், இந்தச் சனியன் பிடித்துக்கொண்டது. பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், நான் நகர முடியாமல் நிற்கிறேன். அரசப்பன் காலையிலிருந்து அழவேயில்லையாம். கல் மாதிரி உட்கார்ந்திருந்தவன் என் முகத்தைப் பார்த்தான், கையைப் பார்த்தான், பார்த்துவிட்டு ஓவென்று அழுதான். அழுது ஓய்ந்த பிறகுதான் கை விட்டது. "ராஜாங்கத்துக்கு எவ்வளோ பாசம் பாரு" என்று ஊரே சொன்னது. நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே இதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும், யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

நிச்சயத்துக்கு முந்தின வாரம் முழுக்க ஒத்திகை பார்த்தோம் சம்மந்தி, இதை நீங்கள் நம்ப வேண்டும். வீட்டில் இருந்த பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலைப்பாக்கு, ஆண்டாளின் பழைய பட்டுப்புடவை எல்லாம் வைத்து, நான் இந்தப் பக்கம், ஆண்டாள் அந்தப் பக்கம். அவள்தான் நீங்கள். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "ம், குடுங்க சம்மந்தி, இரும்பைக்குப் போற பஸ்ஸு போயிடும்" என்பாள். கொடுப்பேன், கை விடும். திரும்பக் கொடுப்பேன், விடும். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பூங்குழலி கதவு ஓரத்தில் நின்று பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, நீ பாஸாயிட்ட" என்றாள். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் தூங்கிய வாரம் வேறு இல்லை.

அப்புறம் அந்த நாள் வந்தது. பந்தல், மேளம், நீங்கள் எல்லோரும் வேனில் வந்து இறங்கியது, ஊர்ப் பெரியவர் பத்திரிகை வாசித்தது, எல்லாமே நன்றாகத்தான் போனது. அவர் வாசித்து முடித்து, "ரெண்டு சம்மந்தியும் எழுந்து தட்டு மாத்திக்குங்க" என்றார். உங்கள் தட்டை நான் வாங்கி ஆண்டாளிடம் கொடுத்தேன். எங்கள் தட்டை நான் எடுத்து இரண்டு கையாலும், வலது கை போட்டு, நீட்டினேன். சம்மந்தியம்மா வலது கையைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்ததை நானே பார்த்தேன். நீங்கள் பிடித்தீர்கள். பூங்குழலி எதிரே நின்றுகொண்டு என்னவோ சைகை காட்டினாள், நான் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. நீங்கள் இழுத்தீர்கள். தட்டு வரவில்லை. "விடுங்க சம்மந்தி" என்றீர்கள். "விட்டுட்டேன் சம்மந்தி" என்றேன். "எங்க விட்டீங்க?" என்றீர்கள். "நான் விட்டுட்டேன், அது விடல" என்றேன். "எது?" என்றீர்கள். நீங்கள் கொஞ்சம் பலமாக இழுத்தீர்கள், வாழைப்பழம் போனது. இன்னும் கொஞ்சம் இழுத்தீர்கள், தேங்காய் உருண்டு மேளக்காரர் மடியில் போய் விழுந்தது, அவர் என்ன நினைத்தாரோ கெட்டிமேளம் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். போட்டோக்காரன் வேறு, "அப்படியே இருங்க சார், நல்லா இருக்குது, ரெண்டு பேரும் சிரிங்க" என்கிறான். அந்தப் போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று கேள்வி. அது சிரிப்பு இல்லை சம்மந்தி, பல்லைக் கடித்துக்கொண்டு விடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் உங்கள் சுண்டுவிரல் உள்ளே மாட்டிக்கொண்டது. நீங்கள் கத்தினீர்கள், சம்மந்தியம்மா கத்தினார்கள். ஆண்டாள் ஓடிவந்து பட்டுச் சட்டைக் கைக்குள் கையை விட்டு சுவிட்சை அணைத்தாள். அணைத்தால் திறந்துவிடும் என்று நினைத்தாள் பாவம். அணைத்தால் அது எப்படி இருக்கிறதோ அப்படியே நின்றுவிடும் என்று அஸ்வினி சொன்னதை நாங்கள் இரண்டு பேருமே மறந்துவிட்டோம். பூங்குழலிதான் குத்துவிளக்கு எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றி உங்கள் விரலை உருவி எடுத்தாள். நிச்சயப் பெண்ணின் புடவையெல்லாம் எண்ணெய். அப்புறம் வேறு வழியில்லாமல் ஆண்டாள் என் முழங்கையிலிருந்து கையையே கழற்றினாள். தட்டு உங்கள் பக்கம் வந்தது. தட்டோடு என் கையும் வந்தது. சம்மந்தியம்மா அதைப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் அந்தப் பக்கம் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் இலையை விட்டு எழுந்து வந்துவிட்டார்கள். "மனசில்லாதவன்கிட்ட இன்னாத்துக்குப்பா கெஞ்சிக்கிட்டு, வாங்க போலாம்" என்று உங்கள் பங்காளி ஒருவர் சொன்னார். எல்லோரும் வேனில் ஏறிவிட்டீர்கள். கேசரிகூட யாரும் தொடவில்லை.

ஆனால் சம்மந்தி, ஒன்றைத் தாங்கள் கவனிக்க வேண்டும். அந்தக் கலாட்டாவில் யாரோ தட்டைத் தூக்கி வேனில் வைத்துவிட்டார்கள். தட்டு இரும்பைவரை போய்விட்டது. உங்கள் தட்டு இங்கே இருக்கிறது, எங்கள் தட்டு அங்கே இருக்கிறது. அப்படியானால் தட்டு மாற்றியதாகத்தானே அர்த்தம்? கொஞ்சம் அதிகமாக, ஒரு கையும் சேர்த்து வந்திருக்கிறது, அவ்வளவுதான். இதை ஊர்ப் பெரியவரிடம் கேட்டேன். "சாஸ்திரத்துல இதுக்கு வழி இருக்குதான்னு தெரியல, ஆனா தட்டு போயிடுச்சுங்கறது வாஸ்தவம்" என்றார். மாப்பிள்ளை சிலம்பரசன் மறுநாளே அந்தக் கையைத் துண்டில் சுற்றி பைக்கில் வைத்து அஸ்வினியிடம் கொண்டுபோய்க் கொடுத்து, எனக்குப் போன் செய்து, "மாமா, கை பத்திரமா குடுத்துட்டேன், கவலைப்படாதீங்க" என்றான். மாமா என்றுதான் சொன்னான். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். நான் ஆற அமர யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு உப்பளத்தில் வாரிக் குவித்த உப்பு தார்ப்பாய் போடாமல் கிடந்தது. தட்டு மாற்றுகிற நேரத்தில் கடல் பக்கம் கறுத்து, இடி ஒன்று இடித்தது, நீங்களும் கேட்டிருப்பீர்கள். எந்த உப்பளத்துக்காரனுக்கும் இடி கேட்டால் கை கழியைத் தேடும், ஓடிப்போய் உப்பை வாரி ஏற்ற வேண்டும் என்றுதான் தோன்றும், அது ரத்தத்தில் ஊறியது. என் நரம்பு கழியைப் பிடி என்று சொல்லியிருக்கிறது, பாவம் அந்தக் கை தட்டைப் பிடித்திருக்கிறது. அதோடு வேர்வை. பட்டுச் சட்டை, பந்தல், வைகாசி வெயில், உள்ளே சென்சார் ஊறிப்போயிருக்கும். பேட்டரி வேறு காலையில் முழுசாக ஏறியிருந்ததா என்று சந்தேகம். போட்டோக்காரனின் பிளாஷ் வெளிச்சத்தையும் நான் விலக்கவில்லை. ஆக இடி, வேர்வை, பேட்டரி, பிளாஷ் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. இதில் என் மனசுக்குப் பங்கே இல்லை. அஸ்வினி பரிசோதனை செய்து பழுது என்ன என்று சொல்லப்போகிறாள், அதையும் எழுதி வாங்கித் தங்களுக்கு அனுப்புகிறேன்.

ஆகவே தாங்கள் பெரிய மனசு பண்ணி, கோபத்தை விட்டு, ஆவணியில் குறித்த முகூர்த்தத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். தாரை வார்த்துக் கொடுக்கிற அன்று பழுது பார்த்த கையைத்தான் போட்டுக்கொண்டு வருவேன், அது ஒரு சொல்லுக்கு விடும், அதற்கு நான் பொறுப்பு. எனக்கு இருப்பது ஒரே பெண். என் கையால் அவளுக்கு ஒரு கெடுதல் வந்தது என்று இருக்கக் கூடாது. மாகாளநாதர் தங்கள் குடும்பத்துக்கு எந்தக் குறையும் வைக்காமல், பயிரும் மாடும் பெருகி, பிள்ளைகள் நீடூழி வாழ அருள்வாராக. சம்மந்தியம்மாவுக்கு என் வணக்கங்களும் மன்னிப்பும். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். சுண்டுவிரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வரவும்.

என்றும் தங்கள் அன்புள்ள,
(அடிப்பதானால் அடித்துக்கொள்ளலாம்) சம்மந்தி,
ராஜாங்கம்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகிற நேரத்தில் அஸ்வினி போன் செய்தாள். எனக்கு ஒரு கைதான் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசினேன். "கையில ஒரு பழுதும் இல்ல அங்கிள்" என்றாள். வேர்வையா இருக்குமோம்மா என்றேன். "வேர்வைன்னா சிக்னல் துள்ளித் துள்ளி விட்டு விட்டு வரும். கையில பதிவாகியிருக்கிறதைப் பார்த்துட்டேன். அந்த நேரம் முழுக்க ஒரே சீரா பிடி பிடின்னுதான் வந்திருக்குது. விடுன்னு ஒரு சிக்னல்கூட வரல. நீங்கதான் பிடிச்சுக்கிட்டே இருந்திருக்கீங்க அங்கிள்." பேட்டரி? "ஃபுல்லு." போனை வைத்துவிட்டு மறுபடி பேனாவை எடுத்தேன்.

சம்மந்தி, மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து இடது கையால் எழுதியது, கிழித்துப்போட்டு வேறு எழுதத் தெம்பு இல்லை. இடி இடித்தது நிஜம். ஆனால் கை பிடித்த பிறகுதான் இடித்தது. பூங்குழலி காட்டிய சைகையைக் கவனிக்கவில்லை என்று எழுதினேன், அதுவும் பொய். நன்றாகப் பார்த்தேன். என் பட்டுச் சட்டையின் கைப் பொத்தான் திறந்திருந்தது. அவள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்க்கவில்லை, அந்தப் பொத்தானைப் பார்த்து, போடுப்பா போடுப்பா என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் சம்மந்தி, பிடிச்சுக்கிட்டேன். இந்த இடது கை நகத்தை இனிமே யார் வெட்டுவாங்கன்னு அந்த நேரம் பார்த்துத் தோணிச்சு. விடுவதாகத்தான் நினைத்தேன் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருந்தேன். ஆண்டாளுக்குக் கொடுக்கும்போது அத்தனை தடவையும் விட்டதே என்று யோசித்தேன். அவளிடம் கொடுத்தால் தட்டு வீட்டுக்குள்ளேதானே இருக்கிறது. எனக்கு முழு மனசு என்று எழுதினேனே, மனசு முழுசாகத்தான் இருந்தது, அது பிடித்துக்கொள்கிற மனசாக இருந்துவிட்டது. கை போனதிலிருந்து மூன்று ஆண்டாகப் பூங்குழலி எனக்குச் செய்ததற்கு ஒரு நல்ல வார்த்தை நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வாய் வழியாகப் போயிருக்கும், நரம்பு வழியாகப் போய் உங்கள் விரலை நசுக்கியிருக்காது.

ஸ்பீக்கரில் பேசியது அடுப்படிவரை கேட்டிருக்கிறது. பூங்குழலி வெளியே வந்தாள். நகவெட்டியை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் கையை இழுத்துவைத்துக்கொண்டாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கூடாது என்றேன். "அப்ப கம்முனு கையையாவது குடுப்பா" என்றாள். கொடுத்தேன். நிச்சயத்துக்கு அப்புறம் அதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

இனிமேல் அந்தக் கை வேண்டாம், அதைப் போட்டுக்கொண்டு வரப்போவதில்லை. அது நான் நினைப்பதைத்தான் செய்யும், நான் என்ன நினைப்பேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. ஆவணியில் தாரை வார்க்கும்போது மொட்டைக் கையோடுதான் வருவேன். வலது கைதான், குறை ஒன்றும் இல்லை, சம்மந்தியம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அதில் விரல் கிடையாது, எதையும் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. அதன் மேலே என் பெண்ணின் கையை வைத்து நீட்டுகிறேன். சட்டுனு வாங்கிக்குங்க சம்மந்தி.